காதை ஆட்டும் தையல் மெஷின்

நெல்லை மேலப்பாளையத்தில் ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு கைத்தறிச் சத்தம் கேட்கும். இப்போது தறி குறைந்துவிட்டது. தையல் மெஷினுக்குக் குறைவில்லை. அடுத்த முறை சட்டை தைக்கக் கொடுக்கப் போனால், ஊசியைப் பார்க்காதீர்கள். குனிந்து தையல்காரரின் காலடியைப் பாருங்கள்.

கால் மிதிப்பலகையை முன்னும் பின்னும் சாய்க்கிறது. அவ்வளவுதான். பலகையிலிருந்து ஒரு கம்பி மேலே போய்ப் பெரிய சக்கரத்தைப் பிடித்திருக்கிறது. எங்கே? நடுவில் இல்லை, நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளி. அந்தத் 'தள்ளி'யில்தான் சூட்சுமம். ஆடுகிற கால் சக்கரத்தைச் சுற்ற வைக்கிறது. பெல்ட் வழியாகச் சுழற்சி மேலே போனதும் கதை தலைகீழ்: சுற்றுகிற தண்டு ஊசியை ஏறி இறங்க வைக்கிறது. இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் கிராங்க். நடுவிலிருந்து ஓர் அங்குலம் தள்ளிக் கம்பியை மாட்டினால், மறுமுனை இரண்டு அங்குலம் போய்வரும். ஏன் இரண்டு என்று பம்பரத் தலையில் புள்ளி வைத்து நீங்களே கண்டுபிடியுங்கள்.

இதே கிராங்க் யானைக் காதையும் ஆட்டும்; இனி யானைக்கு வருவோம். நெல்லையப்பர் கோயில் காந்திமதி யானை 2025 ஜனவரியில் இறந்தபோது நெல்லை டவுனே கலங்கியது. அதே ஆண்டு அருப்புக்கோட்டைக் கோயில் ஒன்றுக்கு 'கஜா' வந்தான். நடிகை த்ரிஷாவும் ஒரு விலங்குநல அமைப்பும் கொடுத்த இயந்திர யானை. கஜாவுக்குத் தென்னை ஓலை வேண்டாம், சங்கிலி வேண்டாம். கரண்ட் இருந்தால் போதும். இவனுக்கு மூத்தவன், 2023இல் கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்தில் இரிஞ்சாடப்பிள்ளி கோயிலுக்கு வந்த ராமன். பத்தரை அடி உயரம், 800 கிலோ எடை, உள்ளே ஐந்து மோட்டார். தலையை அசைப்பான், காதை ஆட்டுவான், தும்பிக்கையால் தண்ணீர் பீய்ச்சுவான். காந்திமதிக்கு ஈடாகுமா என்று கேட்டால், ஆகாது என்பது என் கட்சி. ஆனால் காட்டில் இருக்க வேண்டியது காட்டிலேயே இருக்கும், இல்லையா?

மோட்டாருக்குச் சுற்ற மட்டும்தான் தெரியும். காதும் அப்படியே சுற்றினால் அது யானை இல்லை, ஃபேன்! அதனால் இப்படிப்பட்ட ஆடும் சிற்பங்களில் காதைக் கதவு மாதிரி கீலில் மாட்டுவார்கள். மோட்டாரில் ஒரு கிராங்க், அதிலிருந்து காதுக்கு ஒரு கம்பி. தையல் மெஷினேதான்.

சரி, எதற்கு ஐந்து மோட்டார்? எல்லா உறுப்பும் ஒரே தாளத்தில் ஆடினால் பார்த்த உடனே பொம்மை என்று தெரிந்துவிடும். காது 4 விநாடிக்கு ஒருமுறை, வால் 7 விநாடிக்கு ஒருமுறை ஆடுவதாக வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒன்றாகத் தொடங்கினால், மறுபடி ஒன்றுசேர 28 விநாடி ஆகும். கணக்கு வகுப்பில் கொட்டாவி விட்டுக்கொண்டே போட்ட மீச்சிறு பொது மடங்கு இதுதான். அந்த 28 விநாடியும் நம் கண் ஏமாந்து, உயிருள்ள யானை என்று நம்பும்.

மின்சாரமே இல்லாத காலத்திலும் இயந்திர யானை உண்டு. இன்றைய துருக்கியின் தியார்பக்கிர் ஊரில் வாழ்ந்த அல்-ஜஸரி, 1206இல் எழுதி முடித்த புத்தகத்தில் ஒரு யானைக் கடிகாரத்தை விளக்கியிருக்கிறார். யானை வயிற்றில் தண்ணீர்த் தொட்டி. அதில் மிதக்கும் கிண்ணத்தின் அடியில் சின்ன ஓட்டை. அரை மணி நேரத்தில் கிண்ணம் நிறைந்து மூழ்கும். மூழ்கும்போது கயிற்றை இழுக்கும். உச்சியிலிருந்து ஓர் உருண்டை பாம்பின் வாயில் விழும். கனம் தாங்காமல் பாம்பு தலைகவிழும். கவிழ்கிற பாம்பே மூழ்கிய கிண்ணத்தைத் தூக்கிவிடும்! ஓட்டைக் கிண்ணம் நமக்கும் பழக்கமானதுதான். 24 நிமிடத்துக்கு ஒருமுறை மூழ்கிய நம் நாழிகை வட்டில் அதே வித்தையைத்தான் செய்தது.

போன வாரம் நானும் ஒரு யானை செய்தேன். அட்டையில் தலை, துணிப்பட்டையில் கீல், வளைத்த சைக்கிள் கம்பியில் கிராங்க். கம்பியைச் சுற்றினேன், காது கிழிந்தது. இரண்டாவது காதும் கிழிந்தது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுச் சிறுமி கோந்துப் பாட்டிலை என் கையிலிருந்து வாங்கி மூடினாள்.

"ஒட்டாதீங்க மாமா. ஓட்டையப் பெரிசா போட்டு, லூசா கோத்து விடுங்க."

மூன்றாவது காது ஆடியது.