ஆங்கிலச் சொல்வளம்: மதரஸாவில் கற்ற வழி கைகொடுக்கும்



வெளிநாட்டு வருமானத்தை நம்பி வாழும் குடும்பங்கள் நம் லப்பைக்குடிக்காட்டில் ஏராளம். பிள்ளைகளை ஆங்கில மீடியத்தில் படிக்க வைக்கிறோம். ஆனால் கல்லூரிப் பாடநூலைத் திறந்ததும், வேலைக்கான நேர்காணலில் உட்கார்ந்ததும் பலர் தடுமாறுகிறார்கள். காரணம், சொல்வளம் போதாமை.

அகராதியைப் பார்த்து நாளைக்கு இருபது சொற்களை மனனம் செய்தால், மறு வாரம் பெரும்பாலானவை மறந்துவிடும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத சொற்கள் மனதில் தங்குவது கடினம்.

நம் பிள்ளைகளுக்கு வேறு வழி ஏற்கனவே தெரியும். கிதாப், காதிப், மக்தப் மூன்றும் காஃப், தா, பா என்ற ஒரே வேரில் பிறந்தவை. வேர் தெரிந்தால் புதிய சொல்லின் பொருளை ஊகிக்கலாம். ஆங்கிலத்தின் உயர்நிலைச் சொற்களில் பெரும்பகுதி லத்தீன், கிரேக்க வேர்களிலிருந்து வந்தவை. 'ஸ்பெக்ட்' என்றால் பார்த்தல். இன்ஸ்பெக்டர் உள்ளே நுழைந்து பார்ப்பவர், ஸ்பெக்டேட்டர் பார்வையாளர், ரெட்ராஸ்பெக்ட் பின்னோக்கிப் பார்ப்பது. ஊகித்தபின் அகராதியில் சரிபார்ப்பது அவசியம். டிரான்ஸ்போர்ட்டில் உள்ள 'போர்ட்' சுமப்பது. பாஸ்போர்ட்டில் உள்ளதோ துறைமுகம்!

அல்ஜீப்ராவும் காட்டனும் அரபியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனவை. கேட்டமரான் நம் கட்டுமரம். இதைச் சொல்லிக் கொடுத்தால் ஆங்கிலம் அந்நியமாகத் தெரியாது.

எந்தச் சொற்களைப் படிப்பது? அன்றாடம் புழங்கும் 2000 சொற்களை முதலில் உறுதியாக்குங்கள். அடுத்து, நியூசிலாந்து ஆய்வாளர் ஆவரில் காக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட 'அகாடமிக் வேர்ட் லிஸ்ட்'. அதில் 570 சொற்குடும்பங்கள் உள்ளன. கல்வி நூல்களில் வரும் சொற்களில் ஏறத்தாழ பத்து சதவீதம் இவைதான். பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நாளைக்கு இரண்டு வீதம் படித்தால் 285 நாட்களில் முடிந்துவிடும்.

மறக்காமல் இருக்க ஹிஃப்ழ் மாணவர்களைப் பாருங்கள். புதுப்பாடத்தோடு பழைய பாடத்தையும் ஒப்பிக்காமல் அவர்கள் நகர்வதில்லை. அதுபோல் ஒவ்வொரு சொல்லையும் மறுநாள், ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றையும் வைத்துச் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதி, வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

வளைகுடாவில் இருக்கும் அத்தாமார்களே! இரவில் போன் செய்யும்போது "சாப்பிட்டியா?" என்று கேட்டபின், "இன்னைக்குப் படிச்ச ரெண்டு வார்த்தை என்ன?" என்றும் கேளுங்கள். இன்ஷா அல்லாஹ், ஒரே வருடத்தில் மாற்றம் தெரியும்.