சாலைக் கடப்பும் குழந்தைத் தள்ளுவண்டியும்

2022ஆம் ஆண்டில் நம் நாட்டில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் 32,825 பேர், அதாவது ஏறத்தாழ ஐவரில் ஒருவர், பாதசாரிகள். பாதசாரிகள் எல்லாரும் ஒரே தன்மையினர் அல்லர். விரைந்து நடக்கும் இளைஞருக்குப் போதுமான கடப்பிடம், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துச் செல்லும் தாய்க்குப் போதுமானதாக இராது.

நேரமும் இடமும்

போக்குவரத்து விளக்குகளின் நேரத்தைக் கணக்கிடுகையில், பாதசாரி விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பதாகக் கொள்வது வழக்கம். அவ்வாறாயின் 14 மீட்டர் அகலமுள்ள நான்கு தடச் சாலையைக் கடக்க ஏறத்தாழ 12 விநாடிகள் போதும். தள்ளுவண்டியுடன் செல்பவரின் வேகம் 0.8 மீட்டராகக் குறையுமானால், 17 விநாடிகளுக்கு மேல் தேவைப்படும். நடைபாதை விளிம்பில் வண்டியைத் தூக்கி இறக்கும் நேரம் இதில் சேராது.

மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. வண்டியைத் தள்ளுபவர் பின்னே நிற்க, குழந்தை ஏறத்தாழ ஒரு மீட்டர் முன்னே செல்கிறது. ஓரத்தில் வாகனங்கள் நிறுத்தப்பட்டிருப்பின், எதிர்வரும் வண்டியைப் பெரியவர் காணும் முன்பே குழந்தை சாலைக்குள் சென்றுவிடுகிறது. நடுத்திட்டு குறுகலாக இருப்பின், வண்டியும் ஆளும் சேர்ந்து அதில் அடங்குவதில்லை. ஒரு முனை வாகனத் தடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும்.

வேகத்தின் பங்கு

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், ஓட்டுநர் சுதாரிக்க ஒரு விநாடி ஆகுமெனக் கொண்டால், உலர்ந்த சாலையில் நிற்பதற்கு ஏறத்தாழ 28 மீட்டர் தேவை. 30 கிலோமீட்டரில் 13 மீட்டரே போதும். கடப்பிடத்தை நடைபாதை மட்டத்திற்கு உயர்த்தி அமைத்தால் வாகனங்களின் வேகம் தணியும். விளிம்பில் ஏறி இறங்கும் தொல்லையும் நீங்கும். அதற்கு இயலாதவிடத்துச் சரிவுப்பாதை அமைக்கலாம். 15 சென்டிமீட்டர் உயர விளிம்பிற்கு, 12க்கு 1 என்ற சரிவில், 1.8 மீட்டர் நீளமே தேவைப்படும்.

கணக்கில் வராத தேவை

நம் நகரச் சாலைகளில் தள்ளுவண்டிகள் அரிதாகவே தென்படுகின்றன. ஆகவே இவ்வசதிக்குத் தேவையில்லை என்று முடிவு செய்வது பிழை. பாலமில்லாத ஆற்றை நீந்திக் கடப்போரை எண்ணிப் பாலத்தின் தேவையை அளவிட இயலாது. வண்டியைத் தள்ள வழியில்லாமையால்தான் குழந்தை இடுப்பில் ஏறுகிறது. மேலும், அதே சரிவுப்பாதை சக்கர நாற்காலியில் செல்வோருக்கும் காய்கறி வண்டி தள்ளுவோருக்கும் பயன்படும்.

சட்டத்தின் துணையும் இதற்கு உண்டு. விளக்கில்லாத கடப்பிடங்களில் வாகன ஓட்டிகள் நின்று பாதசாரிகளுக்கு வழிவிட வேண்டுமென 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் விதிக்கின்றன. நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை, அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு அளிக்கும் வாழ்வுரிமையில் அடங்கும் என உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் உரைத்தது.

எஞ்சியிருப்பது மதிப்பீட்டுத் தாளில் செய்ய வேண்டிய பணி. சாலை அமைக்கும்போதே சேர்க்கப்படும் சரிவுப்பாதைக்கு ஆகும் செலவு சிறிது. பின்னர் உடைத்து அமைப்பதற்கு ஆகும் செலவு பெரிது. தள்ளுவண்டியை ஓரிடத்தும் தூக்காமல் மறுபுறம் சேர முடியுமா என்பதை, உள்ளாட்சிப் பொறியாளர்கள் வரைபடத்திற்கு ஒப்புதல் அளிக்கும் முன்னரே சரிபார்த்தல் வேண்டும்.