வாங்கும் முன்… – 11: பின்னால் மாற்ற முடியாதது எது?

தை மாதம் அலங்காநல்லூர் வாடிவாசலில் காளையை அவிழ்க்க வேண்டுமென்றால், இப்போதெல்லாம் முதல் வேலை மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தில் பதிவு செய்வதுதான். காளை வளர்ப்பவரும் மாடுபிடி வீரரும் அந்த வழியில்தான் வர வேண்டும். அதற்குக் கைபேசி போதும். பிள்ளை கல்லூரியில் சேர்ந்ததும்தான் கைபேசி போதாமல் போகிறது. பி.காம். என்றால் டேலி, பாலிடெக்னிக் என்றால் ஆட்டோகேட். "பஸ்ல தூக்கிட்டுப் போற மாதிரி சின்னதா, இருபதாயிரத்துக்குள்ள ஒரு லேப்டாப் கிடைக்குமாண்ணே?" என்ற கேள்வி அப்போதுதான் பிறக்கிறது.

கிடைக்கும். ஒரு விதியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: பின்னால் மாற்ற முடியாத பாகத்துக்குக் காசைக் கொடுங்கள்; மாற்ற முடிந்ததில் மிச்சம் பிடியுங்கள்.

இதற்கு நம் வீட்டுப் பரணிலேயே சாட்சி இருக்கிறது. 2011 செப்டம்பர் 15-இல் தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த அந்தத் தொடக்ககால இயந்திரங்களில் 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். இன்றைக்கு அது ஆமை வேகம்தான். ஆனாலும் அதன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டு, லினக்ஸ் ஏற்றினால் கடிதம் அடிக்கவும் கணக்குப் போடவும் இன்னும் உழைக்கும். காரணம், அதன் பாகங்கள் திருகாணியில் நின்றவை.

இன்று மலிவு விலையில் வரும் பல சின்ன மடிக்கணினிகளில் ரேமும் சேமிப்பகமும் மதர்போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கின்றன. 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி சேமிப்பகம் என்று அட்டைப் பெட்டியில் எழுதியிருந்தால் யோசியுங்கள். விண்டோஸ் 11 நிறுவுவதற்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்ச அளவே அதுதான். அப்டேட் நாலு வந்தால் இடம் நிறைந்துவிடும், கூட்டவும் வழியில்லை.

2023-இல் 16,499 ரூபாய்க்கு வந்த ஜியோபுக்கும் இதே அளவுதான்: 11.6 அங்குலத் திரை, 4 ஜிபி, 64 ஜிபி. எடை 990 கிராம், தூக்கச் சுகம். ஆனால் அதில் ஓடுவது விண்டோஸ் அல்ல. பாடம் பார்க்க, கட்டுரை அடிக்கச் சரி. விண்டோஸுக்கான டேலியையோ ஆட்டோகேடையோ அதில் நிறுவ முடியாது. ஆகவே, என்ன மென்பொருள் தேவை என்று கல்லூரியில் கேட்டுவிட்டுப் பிறகு கடைக்குப் போங்கள்.

இருபதாயிரத்துக்குள் என்றால் என் ஓட்டு, பெரிய நிறுவனங்கள் சில ஆண்டு பயன்படுத்திவிட்டுக் கழித்த செகண்ட் ஹேண்ட் இயந்திரங்களுக்கே. அவை அலுவலக உழைப்புக்கென்று கட்டப்பட்டவை. கீபோர்டும் கீல்களும் திடமானவை. அதிலும் மாடல் பார்த்து வாங்க வேண்டும். 2018-இல் வந்த இரண்டைச் சொல்கிறேன்: லெனோவோ திங்க்பேட் எக்ஸ்280, டெல் லேட்டிட்யூட் 7290. இரண்டுக்கும் 12.5 அங்குலத் திரை, இரண்டிலும் இன்டெலின் எட்டாம் தலைமுறை பிராசஸர் கிடைக்கும். ஆனால் திங்க்பேடில் ரேம் பற்றவைத்தது. வாங்கும்போதே 8 ஜிபி இல்லாவிட்டால் என்றைக்கும் இல்லை. லேட்டிட்யூடில் ரேமைக் கழற்றி மாற்றலாம்.

எட்டாம் தலைமுறை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கிறது. ஐ5 என்பதை அடுத்து வரும் நான்கு இலக்க எண் 8-இல் தொடங்குகிறதா என்று பாருங்கள். 6, 7 என்றிருந்தால், "விண்டோஸ் 11 போட்டுத் தர்றேன்" என்று கடைக்காரர் சொன்னாலும் நகருங்கள்.

அடுத்தது பேட்டரி. விண்டோஸிலேயே பேட்டரி அறிக்கை எடுக்கும் வசதி இருக்கிறது. கடையிலேயே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அதில் டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலாவதில் இரண்டாவது பாதியென்றால் பேட்டரியின் ஆயுளும் பாதி போய்விட்டது. அதற்காக இயந்திரத்தை ஒதுக்க வேண்டாம், பேட்டரியை மாற்றலாம். அந்தச் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள். திரையில் கோடு, பழுதான கீல் என்றால் மட்டும் பேரமே வேண்டாம்.

கடைசியாக ஒன்று. கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்குக் கணினி வழங்கப்படும் என்று 2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு அறிவித்தது. உங்கள் பிள்ளை படிப்பது அரசுக் கல்லூரி என்றால், நகையை அடகு வைக்கும் முன் கல்லூரி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். கிடைக்காது என்று உறுதியானபின் கடைக்குப் போங்கள். விலையைக் கேட்கும் முன்பே, "ரேமைக் கழற்றி மாற்றலாமா?" என்று கேட்டுவிடுங்கள்.

(தொடரும்)