பாடக் காணொலியும் ‘புரிந்துவிட்டது’ என்னும் மயக்கமும்

தமிழ்நாட்டில் 2018-19 முதல் வெளிவந்த புதிய பள்ளிப் பாடநூல்களில் கியூஆர் குறியீடுகள் இடம்பெற்றதும், பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டபோது தொலைக்காட்சி வழியே பாடங்கள் வீடுகளுக்குள் வந்ததும், துணைக்கருவியாக இருந்த பாடக் காணொலியை ஆசிரியரின் இடத்துக்கே நகர்த்தின. இதன் பயனை அளக்கப் பெரும்பாலும் கையாளப்படுவது ‘ஈடுபாடு’, அதாவது மாணவர் ஒரு காணொலியை எவ்வளவு நேரம் விலகாமல் பார்க்கிறார் என்னும் கணக்கு. இணையவழிப் பாடங்கள் பார்க்கப்பட்ட 69 இலட்சம் முறைகளை ஆராய்ந்து 2014-இல் வெளியான ஆய்வு, காணொலி எவ்வளவு நீண்டதாயினும் பார்வை நேரத்தின் இடைநிலை அளவு 6 நிமிடத்தைத் தாண்டவில்லை எனக் கண்டது. பாடங்களைச் சுருக்குவதற்கு இது வலுவான காரணமே. ஆயினும் இக்கணக்கு திரை ஓடிய நேரத்தைச் சொல்லுமேயன்றி, மனத்தில் தங்கியது எது என்பதைச் சொல்லாது.

கவலைக்குரிய இடம் இதுவே. மூன்று நிற மயிருடைய பூனைகள் ஏறக்குறைய எப்போதும் பெண்ணாகவே இருப்பது ஏன் என்பதை விளக்கும் சிறு காணொலியை வைத்து நடந்த ஓர் அமெரிக்கச் சோதனை 2013-இல் வெளியானது. தடையின்றிப் பேசியவரின் காணொலியைப் பார்த்தவர்கள், குறிப்பைப் பார்த்துத் தயங்கித் தயங்கிப் படித்தவரின் காணொலியைப் பார்த்தவர்களைவிடத் தங்களுக்கு மிகுதி நினைவிருக்கும் என நம்பினர்; சோதித்தபோது இரு சாராரும் ஏறத்தாழ ஒரே அளவே நினைவுகூர்ந்தனர். விளக்கத்தின் சரளத்தைத் தம் அறிவின் உறுதியாக எடுத்துக்கொள்ளும் இந்த மயக்கம் தேர்வுக்குப் படிக்கும் மாணவரிடம் பெருந்தீங்கு செய்யும். புரிந்துவிட்டது என்று கருதுபவர் அதே கணக்கை மறுபடி போட்டுப் பார்ப்பதில்லை.

அதோடு, ஒரே நேரத்தில் சில செய்திகளை மட்டுமே தாங்கவல்ல ‘செயல்நினைவு’ என்னும் மனப்பகுதிக்குக் காணொலி கூடுதல் சுமையாகிறது. நூலில் இருபடிச் சமன்பாட்டின் முந்தைய வரி கண்முன் நிற்கும். திரையில் அது மறைந்துவிட, அதை நினைவில் தாங்கியபடியே அடுத்த வரியைப் பின்தொடர வேண்டியிருக்கிறது. இதயத்தின் குருதியோட்டத்தை அசைவோடு காட்டவும், மெல்லக் கற்போர் திரும்பத் திரும்பப் பார்க்கவும் காணொலி உதவுகிறது என்பது உண்மைதான்.

ஆகவே காணொலியைக் கைவிட வேண்டியதில்லை; அதைப் பார்க்கும் முறையை மாற்றினால் போதும். 21 நிமிடப் புள்ளியியல் விரிவுரைக் காணொலியை நான்காகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்குப் பின்னும் சிறு தேர்வு வைத்த மற்றோர் ஆய்வில், மாணவரின் கவனச் சிதறல் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது, குறிப்பெடுத்தல் பெருகியது, இறுதித் தேர்விலும் இடையில் தேர்வு எழுதாதவர்களைவிட அவர்களே மேம்பட்டனர். பத்தாம் வகுப்புக் கணக்குக் காணொலி ஒன்றை இவ்வாறு இடையிடையே நிறுத்தி, ஏட்டை மூடிவைத்து ஒரு கணக்கைத் தாளில் போடச் சொல்வதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. ஆனால் அதற்கு வகுப்பில் ஓர் ஆசிரியர் இருந்தாக வேண்டும்.