கூடி ஆடும் வாலிபர்

பாலாறும் வேகவதியும் செய்யாறும் ஒன்று சேரும் இடத்துக்குத் திருமுக்கூடல் என்று பெயர். காஞ்சி ஜில்லாவைச் சேர்ந்த இச்சிற்றூருக்கு ஆண்டுதோறும் பொங்கலை ஒட்டிக் காஞ்சி வரதராஜர் எழுந்தருளுகிறார். அக்கம்பக்கத்து ஊர்ப் பெருமாள்களும் வந்து சேருகிறார்கள். தத்தம் ஊரில் தனித்தனியே வழிபடும் ஜனங்கள் அன்று ஓரிடத்தில் கலந்து நிற்கிறார்கள். கூடுவதிலேயே ஒரு மகிமை உண்டென்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். அந்த மகிமையை இன்றைய வாலிபர் ஒரு விஷயத்தில் இழந்து வருகிறார்கள். அது கம்ப்யூட்டர் விளையாட்டு.

இதைக் கேட்டதும் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆயினும் இவ்விளையாட்டு வளர்ந்த வரலாற்றைச் சற்றே பார்க்க வேண்டும். 1993 டிசம்பரில் அமெரிக்காவில் வெளிவந்த 'டூம்' என்ற ஆட்டம், கம்பியால் இணைத்த கம்ப்யூட்டர்களில் நால்வர் வரையில் ஒரே சமயத்தில் ஆட வழி செய்தது. அப்படி ஆடுவதற்கு நண்பர்கள் தத்தம் இயந்திரத்தைச் சுமந்து வந்து ஒரு வீட்டில் கூட வேண்டியிருந்தது. ஸ்வீடன் தேசத்தில் மாலுங் என்ற ஊரில் பள்ளித் தோழர் சிலர் கம்ப்யூட்டர்களுடன் கூடத் தொடங்கினர். 1994இல் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு அறையில் நடந்த அவர்களுடைய கூட்டமே, 'டிரீம்ஹாக்' என்ற பெயருடன் பல்லாயிரம் பேர் கூடும் திருவிழாவாக வளர்ந்தது.

நம் நாட்டில் வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் இருந்ததில்லை. 2000ஆம் ஆண்டையடுத்து நகரந்தோறும் தோன்றிய பிரௌசிங் சென்டர்களே நம் வாலிபருக்கு ஆடுகளமாயின. மணிக்கு இவ்வளவென்று கொடுத்து, இரு கட்சியாகப் பிரிந்து, 'கவுன்ட்டர் ஸ்டிரைக்' ஆடிய தலைமுறை இன்று குடும்பஸ்தர்களாக இருக்கிறது. அவர்களைக் கேட்டுப் பாருங்கள். எந்த ஆட்டத்தில் யார் வென்றார் என்பது மறந்திருக்கும். சில்லறையைச் சேர்த்துப் போட்டதும், காசில்லாத தோழனுக்காக ஒருவன் தன் அரை மணியை விட்டுக்கொடுத்ததும், தோற்ற கட்சி டீக்கடையில் பணம் கொடுத்ததும் மறந்திராது. பக்கத்து நாற்காலியில் இருந்தவனின் ஜாதியை யாரும் விசாரிக்கவில்லை. மேடைகளில் நாம் ஓயாது பிரசங்கம் செய்யும் சமத்துவம், அந்தச் சிறு அறையில் பிரசங்கமின்றியே நடந்தது.

2016க்குப் பின் செல்பேசியில் இணையம் மலிந்தது. அறைகள் மூடின. வாலிபன் தன் வீட்டு மூலையில் தனியே உட்கார்ந்தான். எங்கோ உள்ள தோழனுடன் அவன் பேசுகிறான் என்பது மெய்தான். ஆனால் நள்ளிரவில் "போதும், எழுந்திரு" என்று தோளைத் தொட்டுச் சொல்ல ஒருவருமில்லை. இந்தத் தனிமையில்தான் சூது புகுந்தது. பணம் வைத்தாடும் சீட்டாட்டம் விளையாட்டின் வேஷம் போட்டுக்கொண்டு செல்பேசிக்குள் வந்தது. கடன்பட்டுத் தற்கொலை செய்துகொண்டவர்களின் செய்தியை நம் பத்திரிகைகள் பல முறை வெளியிட நேர்ந்தது.

வள்ளுவர் சூதுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்த நாடு இது. ஆதலின் சர்க்கார் தலையிட்டதில் வியப்பில்லை. சென்னைச் சட்டசபை இருமுறை நிறைவேற்றிய தடை மசோதாவுக்கு 2023 ஏப்ரலில் கவர்னர் ஒப்புதல் அளித்தார். 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டு இயற்றிய சட்டம், பணம் வைத்தாடும் ஆட்டங்களை விலக்கி, பந்தயமற்ற மின்விளையாட்டை வளர்க்க வேண்டியதென்று வேறு பிரித்தது. பிரித்தது நியாயமே. ஆனால் விலக்குவது பாதி வேலைதான். வளர்ப்பதற்கு என்ன செய்தோம்?

கூட்டத்தால் என்ன விளையும் என்பதற்குச் சதுரங்கமே சாட்சி. 1972இல் சென்னையில் சோவியத் கலாசார நிலையத்தில் மிகைல் டால் பெயரால் ஒரு சதுரங்கக் கழகம் தொடங்கிற்று. நம் நாட்டின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவல் ஆரோன் அதற்கு வழிகாட்டினார். அங்கே சிறுவனாக வந்து பெரியவர்களோடு ஆடியவர் விசுவநாதன் ஆனந்த். அவர் 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் சென்னை வாலிபர் குகேஷ் உலகப் பட்டம் பெற்ற வரையில் நீண்ட பரம்பரைக்கு அப்படிப்பட்ட ஓர் அறையும், சில மேஜைகளும், பொறுப்புள்ள ஒரு பெரியவரும் முதலாக இருந்தன.

"இவை அந்நியர் செய்த ஆட்டங்கள், துப்பாக்கி ஆட்டங்கள், படிப்பைக் கெடுப்பவை" என்று சிலர் ஆட்சேபிக்கலாம். கால்பந்தும் அந்நியர் ஆட்டமே. 1911இல் கல்கத்தாவில் மோகன் பகான் கட்சியார் வெறுங்காலுடன் ஆடி வெள்ளைப் பட்டாளத்துக் கட்சியை வென்றபோது தேசமே தலை நிமிர்ந்தது. ஆட்டம் யாருடையது என்பதைவிட ஆடுவோர் என்ன ஆகிறார்கள் என்பதே கேள்வி. 2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டு விழாவில் மின்விளையாட்டு கண்காட்சிப் போட்டியாக நடந்தபோது, குஜராத்தைச் சேர்ந்த தீர்த் மேத்தா வெண்கலம் பெற்றார். 2023இல் ஹாங்சௌவில் அது பதக்கப் போட்டியாகவே ஏற்கப்பட்டது. படிப்பைப் பற்றிய கவலை நியாயமானது. அதற்கு மருந்து நேர வரையறையும் மேற்பார்வையும். அவ்விரண்டும் பொது அறையில் சாத்தியம். போர்வைக்குள் ஒளித்த செல்பேசியில் சாத்தியமில்லை.

ஆகவே நாம் கேட்பது பெரிதன்று. ஊர் நூலகத்தில் ஓர் அறை. கம்பியால் இணைத்த பத்து கம்ப்யூட்டர். வாரத்தில் இரு மாலை. இரவு எட்டு மணிக்குக் கதவடைப்பு. பணப் பந்தயத்துக்கு அறவே தடை. நாளடைவில் தமிழிலேயே ஆட்டம் இயற்றும் வாலிபரும் அவ்வறையிலிருந்து தோன்றலாம். தேசத் தொண்டர்கள் முன்பு ஊர்தோறும் வாசகசாலை அமைத்தது போல, இன்றைய தொண்டர்கள் இதையும் தங்கள் வேலையாகக் கொள்ள வேண்டும்.

திருமுக்கூடல் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துச் சாசனம் ஒன்றிருக்கிறது. மாணாக்கருக்குக் கல்விக்கூடமும், தங்கும் விடுதியும், பதினைந்து படுக்கைகளுள்ள ஆதுலர் சாலையும் அங்கே நடந்தன என்பதை அது கூறுகிறது. 11ஆம் நூற்றாண்டில் ஓர் ஆற்றங்கரை ஊர் தன் இளைஞர் கூடியிருக்க இடமளித்தது. இன்றைய ஊர்கள் ஓர் அறை அளிக்கக் கூடாதா?