"கடலை இருக்கிறதா?" என்று கேட்டால் போதுமா?
நிலக்கடலை ஒவ்வாமையுள்ள குழந்தையுடன் விடுமுறைப் பயணமும் வெளி உணவும்

கோடை விடுமுறை நெருங்கும்போது எங்கள் குழந்தைகள் நலப் பிரிவுக்கு வரும் பெற்றோர் பலர் ஒரே ஐயத்தை முன்வைக்கின்றனர். நிலக்கடலை ஒத்துக்கொள்ளாத குழந்தையை வெளியூருக்கு அழைத்துச் செல்லலாமா, அங்கே உணவகத்தில் உண்ண வைக்கலாமா என்பதே அது. தக்க முன்னேற்பாட்டுடன் செல்லலாம் என்பதே எங்கள் விடை. நம் வீட்டு அடுக்களையில் எது இருக்கிறது, எது இல்லை என்பது நமக்குத் தெரியும். உணவகத்தின் அடுக்களையோ நம் கண்ணுக்குப் புலப்படாதது. கண்ணால் காண முடியாததைக் கேள்விகளால் அறிந்துகொள்ளும் முறையை இக்கட்டுரையில் விளக்குகிறோம்.

சிறிதளவும் ஏன் ஆபத்தாகிறது?

நிலக்கடலை, முந்திரியையும் பாதாமையும் போன்ற மரக்கொட்டை அன்று; அவரை, துவரை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதிலுள்ள சில புரதங்களை உடலின் எதிர்ப்பாற்றல் பகையெனக் கருதித் தாக்குவதே இந்த ஒவ்வாமை. வறுத்தாலும் அவித்தாலும் அப்புரதங்கள் முற்றிலும் அழிவதில்லை. ஒரு நிலக்கடலையில் ஏறத்தாழ 250 மில்லிகிராம் புரதம் இருக்கிறது; சில குழந்தைகளுக்கு அதில் நூறில் ஒரு பங்கே தொல்லை தரப் போதுமானது. ஆதலால், மேலே தூவிய கடலையைப் பொறுக்கி எடுத்துவிட்டு உணவைக் கொடுப்பது தீர்வாகாது. ஒரே கரண்டி, ஒரே மிக்சி ஜார், ஒரே வாணலி வழியாகவும் கடலை வந்து சேரும்.

அதே வேளையில் தேவையற்ற அச்சமும் வேண்டா. பக்கத்து இருக்கையில் ஒருவர் கடலை கொறிப்பதாலோ, கடற்கரையில் வறுகடலையின் மணம் வீசுவதாலோ கடும் ஒவ்வாமை ஏற்படுவது மிக அரிது. வாய்வழியே உட்செல்வதே முதன்மையான ஆபத்து. உண்பதற்கு முன் குழந்தையின் கைகளைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவுங்கள். கிருமிநாசினித் திரவம் கடலைப் புரதத்தை அகற்றாது. கழுவ வழியில்லாத இடத்தில் ஈரத்துடைப்பான் பயன்படும்.

பெயரிலேயே ஒரு குழப்பம்

தமிழில் 'கடலை' என்னும் ஒரு சொல் பல பொருள்களைக் குறிக்கிறது. கொண்டைக்கடலை, பொட்டுக்கடலை, கடலைப்பருப்பு, கடலை மாவு ஆகிய அனைத்தும் வேறொரு பயிரிலிருந்து வருபவை. கடலை எண்ணெயும் கடலை மிட்டாயும் நிலக்கடலையிலிருந்து வருபவை. எனவே, "சட்னியில் கடலை உண்டா?" என்று நாம் கேட்க, பொட்டுக்கடலையை எண்ணிக்கொண்டு ஒருவர் "உண்டு" என்பார், அதே கேள்விக்கு வேறொன்றை எண்ணிக்கொண்டு இன்னொருவர் "இல்லை" என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. எனினும், இரண்டாமவரின் விடை நம் குழந்தைக்குத் தீங்காக முடியலாம்.

ஊருக்கு ஊர் பெயரும் மாறுகிறது. நிலக்கடலை, வேர்க்கடலை என்பவற்றோடு, விழுப்புரம், கடலூர்ப் பகுதிகளில் மல்லாட்டை என்றும் சொல்வர். இலங்கைத் தமிழர் கச்சான் என்பர். எல்லை தாண்டினால் கேரளத்தில் கப்பலண்டி, கர்நாடகத்தில் கடலெக்காய், ஆந்திரத்தில் வேருசெனக, தெலங்கானாவில் பல்லி, வட இந்தியாவில் மூங்பலி. செல்லும் இடத்துச் சொல்லை முன்னரே அறிந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த உணவுகளில் மறைந்திருக்கிறது?

புளியோதரை, எலுமிச்சை சாதம், அவல் உப்புமா, மிக்சர் ஆகியவற்றில் கடலை கண்ணுக்குத் தெரியும். அரைத்துச் சேர்க்கும் உணவுகளில்தான் அது தெரியாமல் போகிறது. தேங்காய்ச் சட்னியிலும் தக்காளிச் சட்னியிலும் கெட்டித்தன்மைக்காகக் கடலை சேர்ப்பதுண்டு. குருமாவில் முந்திரிக்கு மாற்றாக அரைத்து ஊற்றுவதுண்டு. இட்லிப் பொடியிலும் சில இடங்களில் சேர்க்கின்றனர். கோயிலில் கிடைக்கும் புளியோதரைப் பிரசாதத்தையும் இக்கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பக்தியோடு ஒருவர் நீட்டும்போது மறுக்கத் தயங்குவோம் என்பதால் முன்கூட்டியே மனத்தில் உறுதி வேண்டும்.

ஆந்திரத்தில் இட்லிக்கும் தோசைக்கும் வேர்க்கடலைச் சட்னி வழக்கமான துணை. ஐதராபாத்தில் பிரியாணியோடு தரும் மிளகாய் சாலனில் கடலையும் எள்ளும் அரைபடுகின்றன. மகாராட்டிரத்தின் ஜவ்வரிசிக் கிச்சடியில் கடலைத் தூள் இன்றியமையாதது. கர்நாடகத்து நிப்பட்டு, நம் தட்டையைப் போன்ற தோற்றமுடையது. அதிலும் கடலை உண்டு. சிங்கப்பூர், மலேசியா செல்வோர் சாத்தே குழம்பு, ரோஜாக், ஐஸ் கச்சாங் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். அங்கே நிலக்கடலையின் பெயர் 'காச்சாங் தானா'.

எண்ணெயைப் பற்றி

நன்கு சுத்திகரிக்கப்பட்ட கடலை எண்ணெயில் புரதம் ஏறக்குறைய முழுவதும் நீக்கப்பட்டிருப்பதால், ஒவ்வாமையுள்ள பெரும்பாலோர்க்கு அது தீங்கு செய்வதில்லை. மரச்செக்கில் ஆட்டிய எண்ணெயிலோ புரதம் தங்கியிருக்கும். 'செக்கு எண்ணெயில் சமைத்த உணவு' என்று பெருமையுடன் அறிவிக்கும் உணவகங்கள் இப்போது பல. மற்றவர்க்கு அது சிறப்பாக இருக்கலாம். நம் குழந்தைக்கு அது எச்சரிக்கைப் பலகை. எவ்வகை எண்ணெய் என்று உறுதியாகத் தெரியாவிடில் தவிர்ப்பதே நன்று. கடலை சேர்ந்த பலகாரங்களைப் பொரித்த எண்ணெயிலேயே பூரியும் வடையும் பொரிப்பார்கள் என்பதையும் மறவாதீர்கள்.

உணவகத்தில் கேட்கும் முறை

கூட்டம் குறைந்த நேரத்தில் செல்லுங்கள். பகல் ஒரு மணிக்குப் பந்தி நிறைந்திருக்கும்போது பொறுமையான விடை கிடைப்பது அரிது. சப்ளையரிடம் சொல்லிவிட்டு நின்றுவிடாமல், சமைக்கும் மாஸ்டரிடமோ மேலாளரிடமோ பேச வேண்டும் என்று பணிவுடன் கேளுங்கள். 'உண்டு, இல்லை' என்று விடை வரும் கேள்விகளைத் தவிர்த்துப் பின்வருமாறு கேளுங்கள்:

- இந்தச் சட்னியில் என்னென்ன சேர்த்து அரைத்தீர்கள்?
- தாளிக்கவும் பொரிக்கவும் எந்த எண்ணெய்? செக்கு எண்ணெயா?
- இதே ஜாரில் வேர்க்கடலை அரைப்பதுண்டா?
- தோசைக்கல்லையும் கரண்டியையும் கழுவிவிட்டு எங்களுக்குச் செய்து தர இயலுமா?

அவசரமாக வரும் "ஒன்றும் இல்லை, தைரியமாகச் சாப்பிடுங்கள்" என்னும் விடையைவிட, "தெரியவில்லை, உறுதி சொல்ல முடியாது" என்னும் விடை மதிப்புமிக்கது. அப்படிச் சொல்பவருக்கு நன்றி கூறி, வேறிடம் செல்லுங்கள். ஐயம் இருந்தால் உண்ணக் கொடுக்க வேண்டா.

இந்தியாவில் பொட்டலமிட்ட உணவுகளின் உறையில் நிலக்கடலை உள்ளிட்ட ஒவ்வாமைப் பொருள்களைக் குறிப்பிட வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் கூறுகின்றன. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை நடத்தும் உணவகங்களும் ஒவ்வாமைத் தகவலை வழங்க வேண்டும். அத்தகைய இடங்களில் அதைக் கேட்டுப் பெறுங்கள். சாலையோரக் கடைகளில் இத்தகவல் இராது. அங்கே நம் கேள்வி ஒன்றே துணை.

கையில் ஓர் அட்டை

வாய்ச்சொல் அடுக்களைக்குள் போகும்போது மாறிவிடும், எழுத்து மாறாது. கீழ்க்காணும் வாசகத்தைத் தமிழிலும், செல்லும் இடத்தின் மொழியிலும் எழுதி, மாஸ்டரிடமே கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

"எங்கள் குழந்தைக்கு நிலக்கடலை (வேர்க்கடலை, மல்லாட்டை) சிறிதளவு உட்சென்றாலும் உயிருக்கு ஆபத்து. கடலை, கடலைத் தூள், செக்குக் கடலை எண்ணெய் எதுவும் சேர்க்காமல், கழுவிய பாத்திரத்திலும் கரண்டியிலும் செய்து தர வேண்டுகிறோம். இயலாவிட்டால் தயங்காமல் சொல்லுங்கள். நாங்கள் வருந்த மாட்டோம்."

பயணப் பையில் இருக்க வேண்டியவை

மருத்துவர் எழுதித் தந்த அட்ரினலின் மருந்து இரண்டு முறைக்குத் தேவையான அளவு இருக்க வேண்டும். தானாகச் செலுத்தும் ஊசி நம் நாட்டில் எல்லா மருந்துக் கடைகளிலும் கிடைப்பதில்லை. ஆகவே, குப்பியும் ஊசியும் கொண்டு செலுத்தும் முறையைச் சில பெற்றோர்க்குக் கற்றுத் தருகிறோம். எதுவாயினும், குழந்தை இருக்கும் இடத்தில் அது இருக்க வேண்டும். விடுதி அறையிலோ, வெயிலில் நிற்கும் காரிலோ விட்டுச் செல்லாதீர்கள். மிகுந்த வெப்பம் மருந்தின் ஆற்றலைக் கெடுக்கும். குளிர்பதனப் பெட்டியிலும் வைக்க வேண்டா. ஆஸ்துமா உள்ள குழந்தையாயின் இன்ஹேலரும் உடன் வர வேண்டும். கட்டுப்பாட்டில் இல்லாத ஆஸ்துமா ஒவ்வாமையின் கடுமையைக் கூட்டும். விமானப் பயணத்திற்கு மருத்துவரின் கடிதத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டில் அரைத்த பொடி, தட்டு, கரண்டி, சில வேளைக்கான உலர் உணவு ஆகியவற்றை எடுத்துச் சென்றால், வழியில் நல்ல உணவகம் அமையாத நாளிலும் குழந்தை பட்டினி கிடக்காது.

அறிகுறி தோன்றினால்

பெரும்பாலும் உண்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் அறிகுறிகள் தோன்றும். தோலில் தடிப்பு, உதடும் முகமும் வீங்குதல், வாந்தி ஆகியவை தொடக்கமாக இருக்கலாம். விடாத இருமல், மூச்சிரைப்பு, குரல் கம்முதல், விழுங்க இயலாமை, முகம் வெளிறுதல், துவண்டு விழுதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் அது அனாபிலாக்சிஸ் எனப்படும் உயிர் ஆபத்து நிலை.

1. அட்ரினலினைத் தொடையின் வெளிப்புற நடுப்பகுதியில் உடனே செலுத்துங்கள்.
2. குழந்தையைப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் கால் நீட்டி உட்கார வையுங்கள். எழுந்து நடக்க விடாதீர்கள்.
3. 108-ஐ அழையுங்கள். சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999, இலங்கையில் 1990.
4. ஐந்து நிமிடத்தில் முன்னேற்றம் இல்லையெனில் இரண்டாவது ஊசியைச் செலுத்துங்கள்.
5. நலமானது போல் தோன்றினாலும் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சில மணி நேரம் கழித்து அறிகுறிகள் திரும்பக்கூடும்.

அரிப்புக்குத் தரும் ஒவ்வாமை மாத்திரை மூச்சுத் திணறலை நிறுத்தாது. அதைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதில் கழியும் நிமிடங்களே பேரிழப்புக்குக் காரணமாகின்றன. "ஊசி தேவைதானா?" என்னும் தயக்கம் எழுந்தால், செலுத்துவதன் பக்கமே முடிவெடுங்கள். தேவையின்றிச் செலுத்திய ஒரு வேளை மருந்தால் பொதுவாகச் சிறிது நேரம் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். தேவைப்பட்டபோது செலுத்தாமல் விட்டதை ஈடுசெய்ய வழியில்லை.

உறவினரும் குழந்தையும்

விடுமுறைப் பயணத்தில் தாத்தா, பாட்டி, அத்தை, மாமா எனப் பலர் உடன் வருவர். "ஒரு வாய்தானே, ஒன்றும் ஆகாது" என்று ஊட்டும் கை அன்பினால் நீளுவதே. புறப்படும் முன்னரே அவர்களை அமர்த்தி, ஒவ்வாமையின் தன்மையை விளக்கி, ஊசி இருக்கும் பையையும் காட்டுங்கள். பெற்றோர் இருவரில் எவர் இல்லாதபோதும் மருந்தைச் செலுத்தத் தெரிந்த ஒருவர் குழந்தையுடன் இருக்க வேண்டும்.

குழந்தையையும் இதில் பங்காளியாக்குங்கள். ஐந்து வயதுக் குழந்தை "அம்மாவைக் கேட்டுத்தான் சாப்பிடுவேன்" என்று சொல்லப் பழகலாம். பத்து வயதுக் குழந்தை அட்டையைத் தானே மாஸ்டரிடம் கொடுக்கலாம். எல்லாரும் உண்ணும்போது தனக்கு மட்டும் மறுக்கப்படுவது குழந்தையின் மனத்தில் ஆழமாகப் பதியும். ஆகவே, குழந்தை உண்ணக்கூடிய உணவை ஒரு வேளையேனும் குடும்பம் முழுவதும் சேர்ந்து உண்ணுங்கள்.

பயணத்திற்கு இரண்டு வாரம் முன்னதாக எங்கள் பிரிவுக்கு வாருங்கள். குழந்தையின் இப்போதைய எடைக்கேற்ற மருந்தளவைச் சரிபார்த்து, காலாவதி நாளைப் பார்த்து, ஊசி செலுத்தும் முறையை மீண்டும் ஒருமுறை செய்து காட்டுவோம். செல்லும் ஊரில் இரவிலும் அவசர சிகிச்சை கிடைக்கும் மருத்துவமனை எது என்பதையும் அப்போதே குறித்துக்கொள்ளலாம்.