உங்களுக்குத் தெரியுமா? முத்திரை குத்தும் அரசியல்

● 200 ஆண்டுகளுக்கு முன், மன்னார் மாவட்டத்து முசலியிலுள்ள கொண்டச்சிக் குடா என்றால் முத்துக்குளிப்பு. பருவத்தில் இந்தியக் கரையிலிருந்தும் குளியாளர்களும் வியாபாரிகளும் வந்து குவிவார்கள். இன்று இந்த முசலிப் பகுதியைத் தென்னிலங்கையில் பலர் அறிந்திருப்பது ‘வில்பத்து அழிப்பு’ என்ற குற்றச்சாட்டால்தான்.

● 1990 ஒக்டோபர் கடைசியில் வடக்கு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். முசலிக் கிராமங்கள் வெறிச்சோடின. சனம் புத்தளத்தில் அகதியானது. 2009இல் போர் முடிந்த பிறகு திரும்பி வந்தால், வளவுக்குள்ளேயே காடு. அதை வெட்டித் துப்புரவாக்கியவர்களுக்குக் கிடைத்த பெயர் ‘ஆக்கிரமிப்பாளர்’. வில்பத்து தேசியப் பூங்காவின் வட எல்லை மோதரகம் ஆறு; மறிச்சுக்கட்டி, கரடிக்குளி எல்லாம் அதற்கு வடக்கே இருக்கின்றன. 2012இலும் 2017இலும் வந்த வர்த்தமானிகள் இந்தப் பக்கக் காணிகளை ஒதுக்கக் காடாக்கின. இரண்டாவதில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன கையெழுத்திட்டது ரஷ்யாவில் இருந்தபோது! மறிச்சுக்கட்டியில் மக்கள் வாரக்கணக்கில் போராட்டத்தில் அமர்ந்தார்கள்.

● மறுபக்கமும் இருக்கிறது. காட்டைப் பற்றிக் கேள்வி கேட்டவர்களுக்கு ‘இனவாதி’ என்ற முத்திரை விழுந்தது. உண்மையிலேயே இனவாதம் பேசியவர்கள் இருந்தார்கள்தான். ஆனால் கேள்வி பொய்யல்ல: கல்லாறு ஒதுக்கக் காட்டில் மரம் வெட்டியது சட்டவிரோதம், முன்னாள் அமைச்சர் ரிஷாட் பதியுதீன் தன் செலவில் மீண்டும் மரம் நட வேண்டும் என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் 2020 நவம்பரில் தீர்ப்பளித்தது. எந்தக் காணிக்கு 1990க்கு முந்திய உறுதி இருக்கிறது, எது புதிதாக வெட்டிய காடு என்பதை உறுதியையும் வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துக் காணி காணியாகப் பார்த்திருக்கலாம். இரு தரப்பு மேடைகளும் அதைத்தான் செய்யவிடவில்லை. நட்டம் முசலி மக்களுக்கு, காட்டுக்கும்தான்.

● முத்திரை உயிரையும் பறித்திருக்கிறது. இந்திய–இலங்கை ஒப்பந்தத்தை ஆதரித்த நடிகரும் அரசியல்வாதியுமான விஜய குமாரதுங்கவை ஜே.வி.பி. தரப்பு ‘தேசத்துரோகி’ என்றது. 1988 பெப்ரவரி 16 அன்று கொழும்பில் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள்.

● தமிழ் அரசியலிலும் ‘துரோகி’ பழைய சொல். யாழ் மேயர் அல்பிரட் துரையப்பாவை மேடைக்கு மேடை அப்படி ஏசினார்கள். 1975 யூலை 27 அன்று பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலடியில் அவர் கொல்லப்பட்டார். அந்த மேடைகளில் முன்னின்ற அணியின் தலைவர் அ. அமிர்தலிங்கத்தையும் பின்னர் அதே சொல்லால் அழைத்தார்கள். 1989 யூலை 13 அன்று, பேச வந்தவர்கள்போல் கொழும்பு வீட்டுக்குள் வந்த புலிகள் அவரைச் சுட்டார்கள்.